லூசெட் தனக்கே போட்ட தடை

லூசெட் மிஷோ பள்ளிக்கூட பஸ் ஓட்டத் தொடங்கி இருபத்தேழு வருஷம் ஆகிறது. மெய்ன் மாநிலத்தின் வடக்கு நுனியில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவள் ஊர். அந்தப் பக்கம் கனடா. ஒரு வருஷம் அங்கே பனி கூரைக்கு மேலே போய்விட்டது. வீடு எது, வேலி எது என்று யாருக்கும் தெரியவில்லை. லூசெட் அசரவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டே ஓட்டினாள். ஏழாவது புகைபோக்கியில் ஹாரன் அடித்தாள். பெல்லட்டியே வீட்டுப் பிள்ளைகள் மூவரும் கூரை ஜன்னலைத் திறந்து நேரே பஸ்ஸுக்குள் ஏறினார்கள். நம்பாதவர்கள் அந்த வருஷம் அங்கே இல்லாதவர்கள், அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு பிள்ளைகளைத் தலையைத் திருப்பாமல், மேலே தொங்கும் கண்ணாடியை மட்டும் பார்த்து அடக்கியவள் அவள். குரல் உயர்த்தியதே கிடையாது. அப்படிப்பட்டவளை இணையத்தில் முதன்முதலாகச் சந்தித்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி: யார் இந்தக் கத்தல்காரி?

நடந்தது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ரோசேர் ஒரு புது இரும்பு அடுப்பு வாங்கி வீட்டுக்கு நடுவில் நிறுத்தினான். ரோசேருக்கு உருளைக்கிழங்குக் கிடங்கில் மெக்கானிக் வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வார்த்தை பேசுவான். அதில் நாலு வானிலையைப் பற்றியது. அடுப்பைப் பற்ற வைத்தான். புகை மேலே போகாமல் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ரோசேர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்தான். லூசெட் கணினியைத் திறந்தாள். தேடியதில் ‘விறகு வட்டம்’ என்ற மன்றம் கிடைத்தது. விறகு எரித்துக் குளிர்காயும் ஜனங்கள் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கூடிப் பேசும் இடம். அதில் போய்த் தன் சந்தேகத்தை ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே முழுக்க அடித்துவிட்டாள். பஸ் பணிமனையில் தினசரி அறிக்கையைப் பெரிய எழுத்தில்தான் எழுதவேண்டும், அந்தப் பழக்கம். இணையத்தில் அப்படி எழுதினால் தொண்டை கிழியக் கத்துவதாக அர்த்தம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

கால் மணி நேரத்தில் பதினொரு பேர் பதில் எழுதினார்கள். ஒன்பது பேர் அவளுடைய கத்தலைப் பற்றி. ஒருவர் தனக்கும் புகை வருவதாக. மிச்சமிருந்த ஒருவர் மட்டும், மற்றவர்கள் கண்ணில் படாமல், தனிச்செய்தி அனுப்பினார்.

“அம்மா, பெரிய எழுத்தை இங்கே கத்தல் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கத்தவில்லை என்று நம்புகிறேன். புகை உள்ளே வருவதற்குக் காரணங்கள் ஏழு. துல்லியமாகச் சொன்னால், ஏழரை.” அதற்குக் கீழே இரண்டு பக்கம். கடைசியில் கையெழுத்து: ஆர்வோ ஹக்காலா, ஓய்வுபெற்ற நில அளவையாளர், மேல் மிச்சிகன்.

அந்த அரைதான் காரணம். ரோசேர் குழாயைத் தலைகீழாக மாட்டியிருந்தான்.

அன்றிலிருந்து லூசெட் விறகு வட்டத்தைவிட்டு நகரவில்லை. மூன்றாவது வருஷம், மன்றத்தைத் தொடங்கிய மனிதர், “எனக்கு வயசாயிடுச்சு, இந்தச் சண்டையெல்லாம் கேட்கக் காது இல்ல. யாராவது சாவியை வாங்கிக்கங்க” என்று எழுதியபோது, எல்லார் விரலும் பஸ்காரியைத்தான் காட்டியது. நெறியாளர் என்று பட்டம். அவளிடம் பெரிய சாவி: யாரை வேண்டுமானாலும் வெளியே நிறுத்தலாம். விஸ்கான்சினில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் டார்லீன் விட்மரிடம் சின்னச் சாவி: புதியவர்களை உள்ளே விடலாம், கூட்டிப் பெருக்கலாம், அவ்வளவே.

லூசெட் போட்ட விதிகள் எல்லாமே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவை. ஏறியதும் முதலில் உட்கார், அப்புறம் பேசு. அதாவது, சேர்ந்த முதல் வாரம் மற்றவர்கள் எழுதியதைப் படி, நீ எழுதாதே. ஒரு மூஞ்சிக்கு ஒரு பேர்தான். முகமூடி போட்டுக்கொண்டு மறுபடி ஏறக்கூடாது. எந்த அடுப்பு, எந்த மரம், எத்தனை மாதம் காய்ந்தது என்று சொல்லாமல் ‘எரியவில்லை, ஏன்’ என்று கேட்டால் பதில் கிடையாது. யோசனை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து அது பலித்ததா என்று சொல்லவேண்டும். கோபம் வந்தால் பத்துக் கட்டை பிளந்துவிட்டு வந்து எழுது. பத்தும் பிளந்த பிறகும் கோபம் இருந்தால் இன்னும் பத்து, விறகாவது மிஞ்சும். ஒருவர் தப்பைத் தனியாகச் சொல், நல்லதை எல்லார் முன்னும் சொல். எவரைப் பற்றி எழுதுகிறாயோ அவர் உனக்குப் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுது. முதுகுக்குப் பின்னால் பேசினால் இரண்டு வாரம் வெளியே. ஏழாவது விதி: எல்லார் முன்னாலும் ஒருவரைப் புண்படுத்தினால், மன்னிப்பும் எல்லார் முன்னாலும்தான்.

பட்டை விவகாரத்துக்குத் தனி அறை. விறகை அடுக்கும்போது மரப்பட்டை மேலே பார்க்கவேண்டுமா, கீழே பார்க்கவேண்டுமா? மேலே இருந்தால் மழை வழிந்து ஓடும் என்று ஒரு கட்சி. கீழே இருந்தால் ஈரம் மேலே போய்விடும் என்று இன்னொரு கட்சி. வெர்மான்டில் அண்ணன் தம்பி இருவர் இதனாலேயே வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி, சுவரின் இரண்டு பக்கமும் விறகு அடுக்கினார்கள். ஆல்பர்ட்டாக்காரர் ஒருவர் சமாதானமாகப் பாதி மேலே, பாதி கீழே என்று அடுக்கினார். இரண்டு கட்சியும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டது. அந்த அறையை லூசெட் சனிக்கிழமை மட்டும் திறப்பாள். அங்கே கிளம்பும் சூட்டில் அடுத்த ஊர் பச்சை மரமே காய்ந்துவிடும் என்பார்கள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த மன்றத்தில்தான் அந்த அக்டோபர் வந்தது. உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறை முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, எல்லாரும் விறகு அடுக்கும் நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை. காலைச் சுற்றும் வீட்டு வேலையும் முடித்து, அந்த ஊர்த் தோசையான ப்ளோய் நான்கு வார்த்து, வெண்ணெய் தடவிச் சுருட்டி, ஒரு கையில் அதையும் மறு கையில் கணினியையும் வைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள் லூசெட்.

ஒன்டாரியோவிலிருந்து ப்ரியோனி என்ற புதுப் பெண் ஒரு படம் போட்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளே பிளந்து அவளே அடுக்கிய பிர்ச் விறகு. கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு சாயவில்லை. படத்துக்குக் கீழே ஹக்காலாவின் பதில்: “துல்லியமாகச் சொன்னால், இது அடுக்கு அல்ல, குவியல். பிழைகள் பதினான்கு.” பதினான்கையும் வரிசையாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே ப்ரியோனி, “ஓ. சரி. மன்னிக்கவும்” என்று மட்டும் எழுதிவிட்டு மறைந்துவிட்டாள்.

விதிப்படி லூசெட் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. ஹக்காலாவுக்குத் தனிச்செய்தி: ‘ஐயா, கொஞ்சம் மெதுவாக.’ அவள் அதைச் செய்யவில்லை. டார்லீனுக்குத் தனிச்செய்தி எழுத உட்கார்ந்தாள். பத்துக் கட்டையும் பிளக்கவில்லை.

“டார்லீன், நம்ம கிழவரைப் பாத்தியா? அந்தப் பொண்ணு முகத்துல இருந்த சிரிப்பைப் பதினாலு துண்டாப் பிளந்துட்டார். வீட்டுல பேச ஆள் இல்லாத மனுஷன், அதான் நம்ம எல்லாரையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறார்.”

அனுப்பினாள். மணி ஒன்றரை. மத்தியானச் சுற்றுக்கு நேரமாகிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் ஏறினால் கைப்பேசியைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது அவள் வழக்கம்.

கணினியில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்றில் டார்லீன். மற்றொன்றில் ப்ரியோனியின் படமும் மன்றத்தின் நானூறு பேரும். எதில் எழுதினோம் என்று அவள் பார்க்கவே இல்லை.

நான்கு மணிக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் டார்லீனிடமிருந்து எட்டு அழைப்புகள். கணினியில் அறுபத்தொரு பதில்கள். பாதிப் பேர் சிரித்திருந்தார்கள். கால்வாசிப் பேர், ‘இது நெறியாளர் பேசும் பேச்சா’ என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் இந்தச் சந்தடியில் பட்டை விவகாரத்தைக் கிளப்பியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே ஹக்காலா.

“துல்லியமாகச் சொன்னால், திருமதி மிஷோ எழுதியது சரி. வீட்டில் பேச ஆள் இல்லை. இங்கே மூன்று பேருக்கு நான் பதில் எழுதவேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடித்துவிட்டு விலகிக்கொள்கிறேன்.”

லூசெட் அதை நின்றுகொண்டே படித்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அழித்துவிடலாமா என்று ஒரு விநாடி விரல் போனது. அறுபத்தொரு பேர் பதில் எழுதியதை அழித்தால் அது குப்பையைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளுவது மாதிரி. பஸ்ஸில் இப்படி ஒருத்தன் செய்திருந்தால் என்ன செய்திருப்பாள்? அப்போதே, அந்த இடத்திலேயே, தண்டனை. அவள் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. தனக்கு மட்டும் காட்டுவாளா? பெரிய சாவியை எடுத்தாள். பெயர்: லூசெட் மிஷோ. காரணம்: முதுகுக்குப் பின்னால் பேசியது. காலம்: இரண்டு வாரம். அழுத்தினாள்.

அந்த யந்திரத்துக்கு அவள் மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. மறு விநாடியே அவளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

கைப்பேசி அடித்தது. டார்லீன்.

“அக்கா, என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“தண்டனை குடுத்துட்டேன். விதின்னா எல்லாருக்கும் விதிதான்.”

“அது சரி. மன்னிப்பு எங்கக்கா?”

லூசெட் கணினியைத் திரும்பிப் பார்த்தாள்; திரையில் சாத்திய கதவுதான் இருந்தது.

“அக்கா?”

“கேட்கலை,” என்றாள் லூசெட் மெதுவாக. “அதுக்குள்ள கதவு சாத்திடுச்சு.”

“நல்லா இருக்கு போங்க. இங்க எல்லாரும் நீங்க கோவிச்சுக்கிட்டு ஓடிப் போயிட்டதா நினைக்கிறாங்க. ஹக்காலாவும் அப்படித்தான் நினைப்பார்.”

“நீ தடையை எடுத்து விடேன்.”

“என்கிட்ட இருக்கறது தொடப்பக்கட்டை சாவிக்கா. உங்க தடையை எடுக்கப் பெரிய சாவி வேணும். அது உங்ககிட்ட இருக்கு, நீங்க வெளிய இருக்கீங்க.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இந்த அழகை ரசித்தார்கள். பின்னணியில் டார்லீனின் மாடு ஒன்று கத்தியது.

“வேற பேருல உள்ள வாங்களேன். நான் விடறேன்.”

“ஒரு மூஞ்சிக்கு ஒரு பேரு.”

“அப்ப சொல்லுங்க, உங்களுக்குப் பதிலா நானே மன்னிப்பைப் போட்டுடறேன்.”

“வாய் என்னுது டார்லீன். உன் வாயால மன்னிப்புக் கேட்டா, அவர் உன்னைத்தான் மன்னிப்பார்.”

சாயங்காலம் ரோசேரிடம் சொன்னாள். ரோசேர் முழுவதையும் கேட்டான். அடுப்பில் ஒரு கட்டை போட்டான். “நான் சேர்றேன்,” என்றான். “எழுதிக் குடு. போடறேன்.”

முப்பத்துநான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் லூசெட்டுக்கு அவனைக் கட்டிக்கொண்டு ஆடவேண்டும் என்று தோன்றிய சில நாட்களில் அது ஒன்று. டார்லீன் அப்போதே அவனை உள்ளே விட்டாள். உள்ளே நுழைந்த ரோசேருக்கு முதலில் கண்ணில் பட்டது விதிகள்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தான்.

“லூ, ஒரு வாரம் படிக்கணுமாம். எழுதக்கூடாதாம்.”

“அது பொதுவா போட்டது.”

“யார் போட்டது?”

“நான்தான்.”

“அடுத்த செவ்வாதான் எழுதலாம். கிழவர் ஞாயித்துக்கிழமை போயிடுவார்.”

“எனக்குக் கணக்குத் தெரியும் ரோசேர்.”

“மீறிடலாமா?”

அவள் யோசித்தாள். ஒரு விதியை மீறியதற்கு மன்னிப்புக் கேட்க இன்னொரு விதியை மீறினால், அந்த மீறலுக்கு யாரை வைத்து மன்னிப்புக் கேட்பது? “வேண்டாம்,” என்றாள். ரோசேர் தலையாட்டிவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கினான். அன்றைக்கு மட்டும் அவன் முப்பது வார்த்தைக்கு மேல் பேசியிருந்தான்; மறுநாள் முழுக்க ஓய்வெடுத்தான்.

அந்தப் புதன், வியாழன் இரண்டு நாளும் பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் சத்தமே போடவில்லை. ஓட்டுகிறவள் முகம் அப்படி இருந்தது. லூசெட்டின் மனசுக்குள் ஒரே வரிதான் ஓடியது: வீட்டில் பேச ஆள் இல்லை. அந்த மனிதர் ஒன்பது வருஷத்தில் நானூறு வீட்டுப் புகையை வெளியேற்றியவர். அவர் வீட்டில் இனிமேல் யாருக்கும் எதையும் துல்லியமாகச் சொல்ல வழி இல்லாமல் போகப்போகிறது. காரணம் புகையும் இல்லை, மரமும் இல்லை, அவள் எழுதிய ஒரு வரி.

வியாழக்கிழமை டார்லீனை அழைத்தாள்.

“ஹக்காலாவோட பழைய வேன் படம் ஒண்ணு மன்றத்துல இருக்கு. கதவுல போன் நம்பர் எழுதியிருக்கும்.”

“எடுத்து அனுப்பட்டுமா?”

“கூடாது. அவர் விறகைக் காட்டத்தான் அந்தப் படத்தைப் போட்டார், நம்பரைக் காட்ட இல்ல. நீ அவரைக் கேளு. லூசெட் போன் பண்ணலாமான்னு கேளு. வேண்டாம்னா வேண்டாம்.”

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. “வெள்ளிக்கிழமை. பத்து மணி. துல்லியமாக.” கீழே எண்.

வெள்ளிக்கிழமை சமையலறைக் கடிகாரத்தில் முள் பத்தைத் தொட்டதும் லூசெட் எண்ணை அழுத்தினாள்.

“ஹக்காலா,” என்றது ஒரு குரல்.

“நான் லூசெட் மிஷோ பேசறேன். மெய்ன்ல இருந்து.”

“இங்க ஒன்பது.”

“என்னங்க?”

“பத்துன்னு சொன்னேன். இங்க ஒன்பது.” வைத்துவிட்டார்.

மிச்சிகனில் அவர் இருக்கும் மூலையில் மட்டும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பது லூசெட்டுக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் அடுப்புச் சாம்பலை அள்ளினாள், சுத்தமாக இருந்த மேஜையை மூன்று தரம் துடைத்தாள், பதினொன்றுக்கு மறுபடி அழைத்தாள்.

“ஹக்காலா.”

“லூசெட் மிஷோ.”

“சொல்லுங்க.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பத்துப் பக்கம் எழுதுகிற மனிதர் போனில் இப்படி இருப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் வீட்டு அடுப்பு படபடப்பது மட்டும் கேட்டது. நன்றாகக் காய்ந்த விறகின் சத்தம்.

“நான் எழுதினது தப்பு,” என்றாள். “உங்க முதுகுக்குப் பின்னால பேசினது ஒரு தப்பு. உங்ககிட்ட நேராச் சொல்லவேண்டியதைச் சொல்லாம விட்டது ரெண்டாவது.”

“அது உண்மைதானே.”

“உண்மையா இருந்தா மட்டும் போதுமா? அதைச் சொல்ல நான் யாரு? எங்க வீட்டுலயும் பேச ஆள் கிடையாது ஆர்வோ. ரோசேர் இருக்கான். அவன் ஒரு வருஷத்துல பேசறதை நீங்க ஒரு பதிலுல எழுதிடுவீங்க. நான் மட்டும் அங்க எதுக்கு வர்றேன்? எங்க வீட்டு அடுப்புல புகை நின்னு ஒன்பது வருஷம் ஆச்சு.”

 அடுப்பு படபடத்தது.

“இதை மன்றத்துல எழுதியிருக்கலாமே,” என்றார்.

“எப்படி எழுதறது? வெளியில நிக்கிறேன்.”

“யார் தடை போட்டது?”

“நான்தான்.”

“உங்களுக்கே நீங்களா?”

“ஆமா.”

“மன்னிப்பு எழுதறதுக்கு முன்னாலயா?”

“ஆமாங்க.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. குளிர்ந்து கிடந்த மரம் அறுக்கும் யந்திரத்தை யாரோ கயிற்றை இழுத்து இழுத்துக் கிளப்புவது போல. மனிதர் சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள லூசெட்டுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எத்தனை நாள்?”

“பதினாலு. மூணு போயிடுச்சு.”

“ஞாயிறு தாண்டிடும்.”

“தாண்டிடும்.”

“எல்லார் முன்னாலயும் எழுதணும். போன்ல கேட்டா அது செல்லாது. விதி ஆறு.”

“ஏழு,” என்றாள் லூசெட்.

காகிதம் புரளும் சத்தம். மனிதர் விதிகளை அச்செடுத்து வைத்திருக்கிறார். “ஏழு,” என்று ஒப்புக்கொண்டார், கொஞ்சம் கஷ்டத்தோடு. “துல்லியமாச் சொன்னா, ஏழு.” பிறகு, “சரி. அது வர்ற வரைக்கும் இருக்கேன். படிச்சுட்டுத்தான் போறதா இல்லையான்னு சொல்லுவேன்.”

“அது போதும்.”

“இன்னொண்ணு.” அடுப்புக் கதவைத் திறந்து ஒரு கட்டை போடும் சத்தம் கேட்டது. “அந்தப் பொண்ணு. ஒன்டாரியோ. பதினாலு பிழை சொல்றதுக்கு முன்னால, நல்லா இருக்குன்னு ஒண்ணு சொல்லியிருக்கணுமோ?”

“சொல்லியிருக்கலாம்.”

“நல்லாத்தான் இருந்தது. முதல் தடவைக்கு.”

“இதை நீங்க அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லலாமே.”

“எல்லார் முன்னாலயுமா?”

“பதினாலையும் எல்லார் முன்னாலதானே எழுதினீங்க.”

“ம்,” என்றார் ஹக்காலா. போனை வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த பதினொரு நாட்களில் லூசெட் பத்தொன்பது மன்னிப்புகள் எழுதினாள். முதலாவதில் தன் அவசரம், இரண்டு ஜன்னல், பஸ் நேரம் எல்லாம் இருந்தது. ரோசேரிடம் படித்துக் காட்டினாள். “ஜன்னலை எடுத்துடு,” என்றான். ஜன்னலை எடுத்தாள். ஐந்தாவதில், ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால்’ என்று எழுதியிருந்தாள். “புண்பட்டுதா இல்லையா?” என்றான் ரோசேர். ‘இருந்தால்’ போயிற்று. ஒன்பதாவதில் அவளைப் பற்றியே அதிகம் இருந்தது. பன்னிரண்டாவது அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே கிழித்துப் போட்டாள். இதற்கிடையில் ஒரு வாரம் படித்து முடித்த ரோசேர் நேரே பட்டை அறைக்குள் புகுந்து, ‘கீழே’ என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டு வந்தான். அதற்கு நாற்பது பேர் பதில் எழுதினார்கள். அவன் சந்தோஷமாகத் தூங்கப் போனான்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி ஆறு நிமிஷத்துக்குத் தடை விலகியது. லூசெட் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. அதையும் இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். ப்ரியோனியின் படத்துக்குக் கீழே, திட்டு விழுந்த அதே இடத்தில், பத்தொன்பதாவது மன்னிப்பைப் போட்டாள்.

“ஆர்வோ ஹக்காலாவைப் பற்றி இங்கே நான் எழுதியது தவறு. அவரிடம் நேரே சொல்லவேண்டியதை அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னேன். அவர் வீட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் இங்கே கத்திக்கொண்டு வந்தபோது, என் தப்பைத் தனியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதை நான் அவருக்குத் திருப்பிச் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். ப்ரியோனியிடமும் கேட்கிறேன், அவள் விறகுக்குக் கீழே எங்கள் சண்டையை அடுக்கிவிட்டோம்.”

அதற்கு மேலே, போன் பேசிய வெள்ளிக்கிழமை தேதியில், ஹக்காலா ப்ரியோனிக்கு எழுதியிருந்த ஒரு வரியை அப்போதுதான் பார்த்தாள். “முதல் அடுக்கு என்ற வகையில் நன்றாக இருக்கிறது. நான் இதை முதலில் சொல்லியிருக்கவேண்டும்.” அதற்கு ப்ரியோனி நிமிர்த்தி அடுக்கிய புதுப் படம் போட்டிருந்தாள். இப்போது மறுபக்கம் சாய்ந்திருந்தது.

நானூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுதவில்லை. பட்டைக்காரர்கள்கூட எழுதவில்லை. ஹக்காலாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார். ரோசேர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். நாற்பது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

“திருமதி மிஷோவின் மன்னிப்பில் பிழைகள் நான்கு. ஒன்று: ஒன்பது வருஷம் அல்ல, துல்லியமாகச் சொன்னால், எட்டு வருஷம் பத்து மாதம். இரண்டு: அன்று தனியாக எழுத நினைத்தவன் நான் ஒருவன்தான் என்று அவருக்குத் தெரிய வழியில்லை, மற்றவர்கள் எழுத நினைத்திருக்கலாம். மூன்று: இங்கே சண்டை நடக்கவில்லை, ஒருவர் திட்டினார், ஒருவர் கோபித்துக்கொண்டார். நான்கு: நான் போகவில்லை. பிர்ச் மரத்தை எப்படிக் காய வைப்பது என்று ப்ரியோனி கேட்டிருக்கிறாள். அது நீளமான விஷயம்.”

“இருக்கார்,” என்றான் ரோசேர்.

“இருக்கார்,” என்றாள் லூசெட். அவள் கோட்டைக் கழற்றியது அப்போதுதான்.

பிறகு அந்தப் பதிலை மறுபடி ஒரு தரம் படித்தாள். ஒருவர் தப்பை எல்லார் முன்னாலும் எண்ணிச் சொல்வது விதிக்கு விரோதம். முதல் எச்சரிக்கை கொடுக்கவேண்டும். பெரிய சாவி கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. லூசெட் எழுந்து போய் அடுப்பில் ஒரு கட்டை போட்டுவிட்டு, மாவைக் கலக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு பதிவு மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள்.